பத்து ஏக்கர், வாரம் மூன்று டாலர்

நாள் 1: சாலினாஸ்

பாளையங்கோட்டையில் 28 வருஷம் ஆங்கில இலக்கியம் நடத்தினேன். அமெரிக்க இலக்கியத் தாள் பெரும்பாலும் என் பொறுப்பில்தான் வரும். ‘அமெரிக்கக் கனவு’ என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டு, அது ஏன் கைகூடாமல் போனது என்று பத்து மதிப்பெண் விடை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் கதைகள் நடந்த மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. இந்த செப்டம்பரில் வழி பிறந்தது. அக்கா மகள் சான் ஹோசேயில் இருக்கிறாள், தம்பி மகன் நியூ ஜெர்சியில். நயாகரா வேண்டாம், சுதந்திர தேவி சிலை வேண்டாம், நான் சொல்கிற இடங்களுக்கு மட்டும் கூட்டிப்போனால் போதும் என்று இரண்டு பேரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன். அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிப் போடுவதாக உத்தேசம்.

இன்று சாலினாஸ். சான் ஹோசேயிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம். சென்ட்ரல் அவென்யூவில் நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1902இல் பிறந்த வீடு இருக்கிறது. கூர்மாடமும் மர வேலைப்பாடுமாகப் பழைய பாணி வீடு. உள்ளூர்த் தன்னார்வலர்கள் அதில் மதியச் சாப்பாடு போடுகிறார்கள். நாங்களும் உட்கார்ந்து சூப்பும், பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரமும் சாப்பிட்டோம். பரிமாறிய அம்மாவுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. ஆசிரியை என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஸ்டைன்பெக்கின் அப்பா இந்த மான்டரே மாவட்டத்தின் பொருளாளராக இருந்தவர். ஊர்க் கணக்கைப் பார்க்கிறவர் வீட்டுப் பிள்ளை. மகனோ ஸ்டான்ஃபோர்டில் பட்டம் வாங்காமல் வெளியேறி, சர்க்கரைக் கம்பெனியின் பீட்ரூட் பண்ணைகளில் கூலிகளோடு வேலை பார்த்தார். கூலிக்காரன் ராத்திரி படுக்கையில் என்ன கணக்குப் போடுவான் என்று அவருக்குத் தெரிந்தது அங்கேதான்.

மெயின் தெருக் கோடியில் அவர் பெயரில் அருங்காட்சியகம். 1960இல் நாய் சார்லியோடு நாட்டைச் சுற்றிவந்த டிரக் அங்கே நிற்கிறது. டான் கிஹோத்தேயின் குதிரையின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். மற்றதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான காட்சிகள். சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன். என் மனசு நாளைய பயணத்தில்.

நாள் 2: சோலெடாட்

காலை ஏழு மணி, மூடுபனி. 101ஆம் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கண் எட்டும் மட்டும் லெட்யூஸ் கீரை வயல். கிழக்கே காபிலான் மலை, மேற்கே சான்டா லூசியா மலை, நடுவே தட்டையான கறுப்பு மண். ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலின் முதல் பக்கத்தில் வருகிற அதே காபிலான் மலை.

சுவாலர் என்கிற சின்ன ஊரைத் தாண்டும்போது அக்கா மகளிடம் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். 1963 செப்டம்பர் 17 அன்று, வயல் வேலை முடிந்து மெக்சிகோ கூலிகளை ஏற்றிவந்த வண்டி ஒன்று இங்கே ரயிலில் அடிபட்டது. அது பஸ்கூட இல்லை. லாரித் தட்டில் பலகை அடித்து ஆள் ஏற்றிய வண்டி. 32 பேர் இறந்தார்கள். ‘பிராசெரோ’ என்ற ஒப்பந்தத்தில் வந்தவர்கள். கையால் உழைக்கிறவன் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். 1942இல் தொடங்கிய அந்தத் திட்டம் 1964இல் முடிந்தது.

கொன்சாலஸ் பக்கம் ஒரு வயலில் அறுப்பு நடந்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தோம். ஊர்ந்து போகிற இயந்திரத்துக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள். தலைக்கு மூடுதுணி, அதற்கு மேல் தொப்பி. கண் மட்டும்தான் தெரிகிறது. ஒருவர் குனிகிறார். அகலக் கத்தியால் கீரையின் அடித்தண்டை ஒரே வெட்டு. இடது கையில் அது திரும்புகிறது, மேல் இலை இரண்டு உதிர்கிறது, நிமிர்கிறபோதே அது மேலே பெட்டி அடுக்குகிறவர் கைக்குப் போய்விடுகிறது. மறுபடி குனிகிறார். பெட்டிக்கு 24 கீரை. நான் பார்த்த பத்து நிமிஷத்தில் அவர் முதுகை முழுசாக நிமிர்த்தவே இல்லை. கையசைத்தேன். கத்தி பிடித்த கையை உயர்த்திப் பதிலுக்கு ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்.

சோலெடாட் என்றால் ஸ்பானியத்தில் தனிமை. கதையில் ஊர் ஊராகப் பண்ணைக் கூலிக்குப் போகிற ஜார்ஜும் லென்னியும் அந்த ஊருக்குச் சில மைல் தெற்கே, ஆற்றங்கரையில்தான் முதலில் வந்து உட்காருவார்கள். நாங்கள் போன இடத்தில் ஆறு பாதிக்கு மேல் மணல். ஓரமாக முழங்கால் தண்ணீர், வில்லோ மரங்கள். சரிவில் துண்டை விரித்து உட்கார்ந்து, கொண்டுபோன பழைய பிரதியைத் திறந்தேன். ஓரமெல்லாம் என் கையெழுத்து. ஓர் இடத்தில் ‘நிறைவேற முடியாத மாயை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

மாயைதானா? சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்குவதுதான் அவர்கள் கனவு. பென்சிலை எடுத்து, அதற்கு அவர்கள் போட்ட கணக்கை எழுதிப் பார்த்தேன். வகுப்பில் இத்தனை வருஷம் நான் செய்யாத வேலை அது.

நிலம் பத்து ஏக்கர், விலை 600 டாலர். பண்ணையில் கூட்டிப் பெருக்குகிற கிழவன் கேண்டியின் வலது கை இயந்திரத்தில் போனதற்கு 250 டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது. வங்கியில் 50 இருக்கிறது, மாசக் கடைசியில் 50 வரும். ஆக 350. ஜார்ஜுக்கும் லென்னிக்கும் மாசக் கூலி ஐம்பது ஐம்பது. ஒரு மாசம் பீர் குடிக்காமல், சீட்டாடாமல் இருந்தால் நூறு. மொத்தம் 450. அதைக் கொடுத்து நிலத்தைப் பிடித்துக்கொள்ளலாம். லென்னியும் கேண்டியும் போய் வேலையைத் தொடங்கட்டும், மீதியை நான் உழைத்து அடைக்கிறேன் என்கிறான் ஜார்ஜ்.

எங்கே பிசகு? கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு மாசம். லென்னியின் மனவளர்ச்சி போதாமல், அவன் கைப் பலத்தால் எல்லாம் கெட்டது என்று சொல்லிக்கொடுத்தேன். அது கதை. ஆனால் ஒரு அசம்பாவிதத்தைக்கூடத் தாங்க முடியாத அளவுக்கு ஒட்டிப்போன வாழ்க்கையில் அந்த ஒரு மாசம் எத்தனை நீளம் என்று நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இன்னொன்றும் இன்றைக்குத்தான் உறைத்தது. அந்த நிலம் ஏன் அவ்வளவு மலிவு? அதன் சொந்தக்காரர்களான கிழவனும் கிழவியும் நொடித்துப்போனவர்கள். கிழவிக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பணம் வேண்டும். ஜார்ஜின் கனவு நிலம் இன்னொரு வீட்டார் கைவிட்ட கனவு.

லாயத்தில் தனியாகப் படுக்கிற கறுப்பர் குரூக்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அறையில் கிழிந்த அகராதி ஒன்று, 1905ஆம் வருஷத்துக் கலிஃபோர்னியா உரிமையியல் சட்டப் புத்தகம் ஒன்று. தலையில் துண்டு நிலத்தோடு வந்த நூற்றுக்கணக்கான ஆட்களைப் பார்த்திருக்கிறேன், ஒருத்தனுக்கும் கிடைத்ததில்லை என்பார். அவநம்பிக்கைக்காரர் என்று அவரைக் குறிப்பு எழுதவைத்தேன். அந்தப் பண்ணையிலேயே சட்டப் புத்தகம் வைத்திருக்கிறவர் அவர்தான். அவரே ஒரு நிமிஷம் இளகி, கூலி வேண்டாம், சோறு போட்டால் போதும், நானும் வருகிறேன் என்பார். அடுத்த சில பக்கங்களிலேயே மிரட்டல் வர, சொன்னதை மறந்துவிடுங்கள் என்பார். அந்த இடத்தை இன்று சத்தமாகப் படித்தபோது எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

கலிஃபோர்னியா 1913இல் ஒரு சட்டம் போட்டது: குடியுரிமைக்குத் தகுதி இல்லாத அந்நியர் விளைநிலம் வாங்கக் கூடாது. ஜப்பானியரைக் குறிவைத்து வந்த சட்டம். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், குடிமகனாக முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அந்தச் சட்டம் நம்மவர்கள் மேலும் பாய்ந்தது. இங்கே பயிர் செய்துகொண்டிருந்த பஞ்சாபிகள் மனைவி பேரிலும் பிள்ளைகள் பேரிலும் நிலத்தை மாற்றி வைத்துப் பிழைத்தார்கள். 1937இல் இந்த நாவல் வந்தபோது, முழுசாக 600 டாலர் கையில் இருந்தாலும் நம் ஊர்க்காரர் ஒருவர் தன் பேரில் இங்கே அந்தப் பத்து ஏக்கரை வாங்கியிருக்க முடியாது.

நாள் 3: விமானத்தில்

பயண நாள். நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாள்: “அப்போ நாங்க எழுதின பத்து மார்க் விடை தப்பா மேடம்?”

தப்பில்லை அம்மா. பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு விவரம் எழுதிவைக்கிறேன். ‘அமெரிக்கக் கனவு’ என்கிற சொல்லை ஊரறியச் செய்தவர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர், 1931இல். வெறும் மோட்டார் காரும் பெரிய சம்பளமும் அல்ல, பிறப்பு எதுவானாலும் ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த உயரத்துக்கு வளரக்கூடிய சமூகம் என்று அவர் அதற்கு விளக்கம் சொன்னார். எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல், பழைய காதலி டெய்சியை மீட்கப் பணம் சேர்த்த கேட்ஸ்பியின் கதை, வந்தது 1925 ஏப்ரலில். கனவுக்குப் பெயர் நிலைப்பதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே ஃபிட்ஸ்ஜெரால்ட் அதன் சாவை எழுதி முடித்துவிட்டார்.

நாள் 4: கொரோனா, குவீன்ஸ்

கேட்ஸ்பியில் ‘சாம்பல் பள்ளத்தாக்கு’ என்று ஓர் இடம் வரும். பணக்காரர்கள் லாங் ஐலண்டிலிருந்து நியூ யார்க்குக்குப் போகிற வழியில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கற்பனை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நிஜம். புரூக்ளின் வீடுகளில் எரித்த நிலக்கரிச் சாம்பலை ரயிலில் கொண்டுவந்து மலை மலையாகக் கொட்டிவைத்த கொரோனா சாம்பல் மேடுதான் அது. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி அதைச் சமன்செய்து, 1939 உலகக் கண்காட்சியை அதன் மேல் நடத்தினார். கண்காட்சிக்கு வைத்த தலைப்பு ‘நாளைய உலகம்’.

7ஆம் எண் ரயிலில் தம்பி மகனோடு போய் இறங்கினேன். இப்போது அது பெரிய பூங்கா. நடுவில் 1964 கண்காட்சிக்காகச் செய்த எஃகு உருண்டை, 140 அடி உயர பூகோளம். அதன் அடியில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மாங்காய்த் துண்டில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிற ஒரு பெண், முதுகில் குழந்தையைக் கட்டியிருந்தாள். ஈரத் துணியில் கத்தியைத் துடைத்துத் துடைத்து அவள் மாங்காய் சீவுவதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றேன்.

பூங்காவின் வடக்கே வில்லெட்ஸ் பாயின்ட். நாவலில் சாம்பல் மேட்டு ஓரம் கார் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற ஜார்ஜ் வில்சனை நினைவிருக்கிறதா? அவன் மனைவி மர்ட்டில், டெய்சியின் புருஷனான பணக்கார டாமை நம்பி ஓடி, கடைசியில் அந்தக் கடை வாசலிலேயே காரில் அடிபட்டுச் சாவாள். நாவல் வந்து பல பத்தாண்டுகள் கழித்தும் இங்கே வரிசை வரிசையாகக் கார் ரிப்பேர்க் கடைகள்தான் இருந்தன. சாக்கடை வசதி கிடையாது, ரோடெல்லாம் குண்டும் குழியும். சொந்தமாக ஒரு ஷட்டர் கடை என்ற அளவில் கனவு கண்ட குடியேறிகள் நடத்திய கடைகள். நகரம் அவற்றில் பெரும்பாலானதைக் காலிசெய்துவிட்டு இப்போது கால்பந்து மைதானமும் குடியிருப்புகளும் எழுப்புகிறது. கட்டுமான வேலி ஓரமாக நடந்தோம். வில்சன்களுக்குத்தான் அங்கே இடமில்லை.

“இவ்வளவு தூரம் வந்து இதைப் போய்ப் பாக்கீங்களே அத்தை” என்றான் தம்பி மகன். பசியில் இருந்தான். அங்கிருந்து பக்கம்தான் ஃபிளஷிங், பவுன் தெருவில் கணேசர் கோயில். கீழ்த்தளத்து கேன்டீனில் தோசை. 1977 ஜூலை 4ஆம் தேதி குடமுழுக்கான கோயில் அது. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு வந்த டாக்டர்களும் என்ஜினீயர்களும் கட்டியது. கேட்ஸ்பி நடக்கிற 1922இல் இந்தத் தெருவில் இப்படிக் கூடி உட்கார நமக்கு வழியே இல்லை. அந்த நாவலிலேயே டாம், நிறத்தவர்கள் எழும்பி வெள்ளை இனத்தை முழுக்கிவிடுவார்கள் என்று சாப்பாட்டு மேசையில் பதறுவான். அது வெறும் குடிகாரப் பேச்சு இல்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிக்கொண்டிருந்த 1924இலேயே அந்தப் பதற்றம் சட்டமாகி, ஆசியாவுக்குக் கதவு அடைபட்டது.

நாள் 5: கிரேட் நெக், போர்ட் வாஷிங்டன்

இன்று தனியாகவே போனேன். போர்ட் வாஷிங்டன் வரைக்கும் போகிற லாங் ஐலண்ட் ரயில். நேற்று நடந்த அதே பூங்கா ஓரமாக, ஃபிளஷிங் ஓடையைத் தாண்டிப் போகிறது. நாவலில் படகுக்கு வழிவிடப் பாலம் தூக்கும்போது ரயில் நின்று, பயணிகள் சாம்பலைப் பார்த்தபடி காத்திருப்பார்களே, அது இந்தத் தடம்தான். இன்று எங்கும் நிற்கவில்லை. யாரும் செல்போனிலிருந்து தலை நிமிரவும் இல்லை.

கிரேட் நெக்தான் நாவலில் வெஸ்ட் எக், புதுப் பணக்காரர் கரை. விரிகுடாவுக்கு எதிரே சான்ட்ஸ் பாயின்ட் பக்கம்தான் ஈஸ்ட் எக், பரம்பரைப் பணக்காரர் கரை. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922 அக்டோபரிலிருந்து 1924 வசந்தம் வரை கிரேட் நெக்கில் கேட்வே டிரைவில் வாடகைக்கு இருந்தார். அந்தத் தெருவில் நடந்தேன். மாளிகை எதுவும் இல்லை. நல்ல மரநிழல், நடுத்தர வீடுகள். யாரோ குடியிருக்கிற வீடு என்பதால் நிற்காமல் கடந்துவிட்டேன். இங்கே இருந்தபோதுதான் வருஷம் 36,000 டாலர் செலவழித்தும் கையில் ஒன்றும் மிஞ்சாத தன் குடும்பக் கதையை ஒரு பத்திரிகைக்குக் கட்டுரையாக எழுதினார். தான் சம்பாதித்த ஒவ்வொரு டாலரையும் பேரேட்டில் வரிசையாக எழுதிவைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. பணம் வரும், தங்காது. ஆனால் கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கும்.

அந்தக் கையிலிருந்து வந்ததுதான், ஜிம்மி என்ற பேரில் இருந்த சின்ன வயதுக் கேட்ஸ்பியின் கால அட்டவணை. நாவலிலேயே எனக்குப் பிடித்த பக்கம் அது. கேட்ஸ்பி இறந்த பிறகு ஊரிலிருந்து வருகிற கிழட்டு அப்பா, மகன் சின்ன வயதில் வைத்திருந்த கதைப்புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டுவார். கடைசி வெற்றுத்தாளில் பென்சில் எழுத்து. தேதி 1906 செப்டம்பர் 12. காலை 6.00 எழுவது. 6.15 தேகப்பயிற்சி, சுவர் ஏறுதல். 7.15 மின்சாரம் படிப்பது. 8.30 முதல் 4.30 வரை வேலை. சாயங்காலம் பேச்சுப் பயிற்சி, நிற்கிற நடக்கிற தோரணை. இரவு 7 முதல் 9 வரை, தேவையான கண்டுபிடிப்புகளைப் பற்றி ஆராய்வது. அதற்குக் கீழே தீர்மானங்கள்: புகை கிடையாது, ஒருநாள் விட்டு ஒருநாள் குளியல், வாரம் ஒரு நல்ல புத்தகம். அப்புறம் சேமிப்பு, வாரம் 5 டாலர் என்று எழுதி, அதை அடித்துவிட்டு 3 டாலர். கடைசி வரி, அப்பா அம்மாவிடம் இன்னும் நல்லபடியாக நடந்துகொள்வது.

அந்த அடித்தல்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. ஐந்து எழுதினான். யோசித்தான். முடியாது என்று தெரிந்தது. மூன்றாகக் குறைத்தான். மாயையில் மிதக்கிறவன் அடித்து எழுத மாட்டான். வடக்கு டகோட்டாவின் ஏழைக் குடியானவர் பிள்ளை, தன் கைக்கு எட்டுவது எவ்வளவு என்று அளந்து பார்த்திருக்கிறான். பதினேழு வயதில் பேரை மாற்றிக்கொண்டு, என்னென்னவோ கள்ள வழிகளில் போய், மூன்றே வருஷத்தில் இந்த வீட்டுக்கான பணத்தைச் சம்பாதித்தேன் என்று, கதை சொல்கிற நிக்கிடம் அவனே சொல்வான். தொகை வந்துவிட்டது. டெய்சி இருக்கிற கரைக்கு நேர் எதிரே வீடும் வந்துவிட்டது. நடுவில் இருக்கிற தண்ணீரைத்தான் தாண்ட முடியவில்லை.

மதியம் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். கிரேட் நெக்கிலிருந்து ரயில் விரிகுடாவின் அடிமுனையைச் சுற்றி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போர்ட் வாஷிங்டனில் கொண்டுவிடுகிறது. படகுத்துறையில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். எதிர்க் கரை அவ்வளவு பக்கம்! அங்கே ஒரு வீட்டின் ஜன்னல் வெயிலில் மின்னுவதுகூடத் தெரிகிறது. கடல்போல அகலமாகக் கற்பனை செய்துவைத்திருந்தேன். இருட்டும்வரை இருந்தேன். தண்ணீரில் வழிகாட்டும் மிதவை ஒன்றில் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. டெய்சி வீட்டுத் துறையின் பச்சை விளக்கு அது இல்லை என்று தெரியும். ஆனாலும் எழுந்து வர மனசில்லாமல் ஒரு ரயிலைத் தவறவிட்டேன்.

நாள் 6: மிட்வுட், புரூக்ளின்

இன்று சின்னக் குறிப்புதான். ஆர்தர் மில்லரின் அப்பா பெண்களுக்கான கோட்டுத் தயாரிப்பில் செழிப்பாக இருந்தவர். 1929 சரிவில் எல்லாம் போய், மன்ஹாட்டனை விட்டுக் குடும்பம் புரூக்ளினின் இந்தப் பக்கம் ஒண்டியது. மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகம் 1949 பிப்ரவரியில் மேடையேறியது. முதலில் நடந்த மொரோஸ்கோ அரங்கையும் 1982இல் இடித்து ஹோட்டல் கட்டிவிட்டார்கள்.

சின்ன வீடுகள், முன்னால் ஒரு சாக்கு அகலத்துக்குப் புல், இரண்டு பக்கமும் அடுக்குமாடி. ஒரு வீட்டுப் படியில் ஒரு அம்மா ரசீதுகளைப் பரப்பி வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். லிண்டாவேதான். வாஷிங் மிஷினுக்கு 9.60, கூரைக்கு இன்னும் 21 டாலர் என்று நாடகத்தில் அந்த விற்பனையாளரின் மனைவி லிண்டா வாய்ப்பாடு மாதிரிச் சொல்வாள். வீட்டுக் கடனும் 25 வருஷம் கட்டி முடிகிறது. புருஷனைப் புதைக்கிற அன்றுதான் கடைசித் தவணை கட்டியதைச் சொல்லி, இனி வீட்டில் இருக்க ஆள் இல்லையே என்று அழுவாள். இங்கேயும் தொகை நிறைந்துவிட்டது.

ராத்திரி தம்பி மகன் வீட்டில் விசா புல்லட்டின் பேச்சு. கிரீன் கார்டு வரிசை எந்தத் தேதிவரை நகர்ந்திருக்கிறது என்று அரசு சொல்கிற பட்டியல், மாசா மாசம் வருமாம். வேலை வழியாக வருஷத்துக்கு சுமார் 1,40,000 கிரீன் கார்டு. எந்த நாட்டுக்கும் பொதுவாக நூற்றுக்கு ஏழுக்கு மேல் போகக் கூடாது. இந்தியர் வரிசை அனுமார் வால். வரிசையில் இவன் இடம்பிடித்த தேதி, அதாவது பிரயாரிட்டி டேட், 2016. வீடு வாங்கிவிட்டான், வரி கட்டுகிறான், பூங்காவில் மரம் நடப் போகிறான். தேதி மட்டும் வரவில்லை. பெரியவளுக்கு 19 வயது. கோயம்புத்தூரில் பிறந்து மூன்று வயதில் வந்தவள். 21 ஆனால் அப்பாவின் விசாவில் இருக்க முடியாது. “அதுக்குள்ள வந்திரும் அத்தை” என்றான். அவன் மனைவி பேசாமல் பாத்திரம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெரியவள் தான் பள்ளிக்கூடத்தில் படித்த கேட்ஸ்பி பிரதியை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். “பச்சை விளக்குன்னா என்னன்னு மிஸ் கேட்டாங்க பாட்டி. எல்லாரும் பணம்னு எழுதினாங்க. நான் தூரம்னு எழுதினேன்.”

நாளை ஓய்வு. மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு கடைசி இடம்.

நாள் 8: ராக்வில், மேரிலாண்ட்

மெட்ரோபார்க்கில் ரயில் ஏறி வாஷிங்டன், அங்கிருந்து சிவப்புத் தட மெட்ரோவில் ராக்வில். புனித மேரி கோயிலின் சின்னக் கல்லறைத் தோட்டம். பக்கத்திலேயே பெரிய சாலை, கார் இரைச்சல் ஓயவே இல்லை.

ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940 டிசம்பர் 21இல், 44 வயதில் ஹாலிவுட்டில் இறந்தார். அப்பா வழிக் குடும்பம் இந்த ஊர். அப்பாவையும் இங்கேதான் அடக்கம் செய்திருந்தது. ஆனால் ஒழுங்காகக் கோயிலுக்கு வராதவர் என்று சொல்லி மகனுக்கு இங்கே இடம் தரவில்லை. வேறு கல்லறையில் புதைத்தார்கள். மகள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1975இல்தான் அவரையும் மனைவி ஜெல்டாவையும் அப்பா பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். இறந்தபோது கேட்ஸ்பியின் பழைய பிரதிகள் பதிப்பாளர் கிடங்கில் விற்காமல் கிடந்தன. போர்க்களச் சிப்பாய்களுக்கு இலவசமாக அச்சடித்துக் கொடுத்த பிறகுதான் அந்தப் புத்தகம் எழுந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கல் மேல் சில்லறைக் காசுகள், இரண்டு பேனா, மழையில் நனைந்து காய்ந்த ஒரு கடிதம். நாவலின் கடைசி வரியைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பிள்ளை சத்தமாகப் படித்தாள். அவளுக்காகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: ஆகவே நாம் துடுப்பு வலித்துக்கொண்டே இருக்கிறோம், எதிர்நீரில் படகுகளாக, ஓயாமல் கடந்த காலத்துக்கே தள்ளப்பட்டு. ‘ஓயாமல்’ போதவில்லை. ‘இடையறாது’ என்றால் பாடப்புத்தக வாசம் அடிக்கிறது. விட்டுவிட்டேன்.

வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் இந்த வரிக்குப் பக்கத்தில் கணியன் பூங்குன்றனை எழுதிப்போடுவேன். ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’. அவர்கள் படகு எதிர்நீரில் போராடுகிறது, நம் புணை நீரோடு போகிறது, நம் கவிஞன் தெளிந்தவன் என்று பெருமையாகச் சொல்லி மணி அடித்ததும் கிளம்பிவிடுவேன். இன்று அந்தப் பாட்டை முழுசாகச் சொன்னேன். பெரியோரை வியப்பதும் இல்லை என்று வந்து, ‘சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஐந்தை அடித்து மூன்று எழுதிய பையனை மாயைக்காரன் என்று எத்தனை பேருடைய நோட்டில் எழுதவைத்திருக்கிறேன்!

“புணைன்னா என்ன பாட்டி?”

“கட்டை, மூங்கில் எல்லாம் சேத்துக் கட்டுறது. தெப்பம் மாதிரி.”

“அதுல துடுப்பு இருக்குமா?”

“பாட்டுல இல்லை.”

அவள் குனிந்து, கல்லிலிருந்து கீழே உருண்டிருந்த ஒரு காசை எடுத்துத் திரும்ப மேலே வைத்தாள்.

“ஆள் இருப்பாங்கல்ல?”

இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். 28 வருஷத்தில் ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. மெட்ரோ வருகிற சத்தம் கேட்டது. நேரமாகிவிட்டது என்று என் கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.